முதல் தரப்பும் இரண்டாம் தரப்பும்

"ஜெராக்ஸை இந்தப் பக்கம் திருப்பாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? சூடு பூரா என் துணி மேல—"

"திருப்பாம தலையில தூக்கி வெச்சுக்கவா? உன் நூலும் பஞ்சும் பறந்து வந்து உள்ள விழுந்து, ஒவ்வொரு காப்பியிலயும் கறுப்புக் கோடு—"

"கோட்டுக்கு நானா பொறுப்பு? கண்ணாடியத் துடைச்சு எத்தனை நாளாச்சு?"

"துடைக்கிறதுக்குள்ள அடுத்த கத்தை பஞ்சு வந்துடுதே."

நடுவில் ஒரு சட்டக் கல்லூரி மாணவி கையில் ஒற்றைத் தாளோடு நின்றிருந்தாள். கல்லூரி வாசலில் இருக்கிற கடையில் கரண்ட் இல்லை என்று தெருத் தெருவாக நடந்து இந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தவள். ஒரே அறை. குறுக்கே இடுப்பளவுக்கு ஒரு பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் தையல்காரம்மா, அந்தப் பக்கம் ஜெராக்ஸ்காரர், இருவர் தலைக்கும் மேலே ஒரே மின்விசிறி. வேறு யாராவது என்றால் வந்த வழியே திரும்பியிருப்பார்கள். இவளுக்கோ உடம்பு புல்லரித்தது. தகராறு. இரண்டு கடைகளுக்கு நடுவே, அசல், சுடச்சுட.

காரணம் கையிலிருந்த தாள். 'வணிகப் பேச்சுவார்த்தையும் தகராறு தீர்வும்' என்று இறுதியாண்டில் ஒரு பாடம். வகுப்பில் நடத்திய ஒத்திகைகள் இரண்டிலும் இவள் தோற்றிருந்தாள். முதல் ஒத்திகையில் ஒரு தொழிற்சாலையை விற்கச் சொன்னால், எதிராளி கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டு, பக்கத்துக் காலி மனையையும் இனாமாகச் சேர்த்துவிட்டாள். எது கேட்டாலும் சரிங்க, சரிங்க என்றதில் வகுப்பில் அவள் பெயரே 'சரிங்க' என்று ஆகிவிட்டது. மிச்சம் இருப்பது இந்தத் தாள்தான். உண்மையான இரண்டு வியாபாரங்களின் உண்மையான தகராறைப் பேசித் தீர்த்து, இரு தரப்பும் ஒரு சாட்சியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இறுதியாண்டை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். சமரச மையம் ஒன்றில் கிடைத்திருந்த வேலையும் போய்விடும். அன்றைக்குப் புதன்.

"நான் உங்க ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணி வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கென்ன பயம்? தாராளமா பண்ணு" என்றார் தையல்காரம்மா.

"எனக்கும் பயம் கிடையாது" என்றார் ஜெராக்ஸ்காரர்.

மாணவி நோட்டைப் பிரித்து முதல் குறிப்பை எழுதினாள்: 'பகை முற்றியிருக்கிறது. இரண்டாம் தரப்பு, முதல் தரப்பை நீ, உன் என்று ஒருமையில் பேசுகிறார்.'

முதல் தீர்வு சுலபமாகத்தான் இருந்தது. ஜெராக்ஸை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினார்கள். அது தையல் மேசைக்கு வரும் ஜன்னல் வெளிச்சத்தை மறைத்தது. அதைப் பழைய இடத்துக்கே தள்ளி, தடுப்புக்கு மேல் ஒரு திரை கட்டினார்கள். இப்போது மின்விசிறிக் காற்று ஒரு பக்கத்துக்கு மட்டும் போனது. மறு பக்கத்தில் ஜெராக்ஸ்காரர் வேர்த்து விறுவிறுத்தார். திரையைப் பிடுங்கி எறிந்தார். அது போய் அளவெடுக்க நின்றிருந்த ஒரு வாடிக்கையாளர் தலையில் விழுந்தது. அந்தம்மா அளவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்.

மாணவி அசரவில்லை. பாடத்தில் அடுத்த படி இருந்தது. வாயால் கேட்பதை விட்டுவிட்டு மனதுக்குள் இருக்கும் தேவையைக் கேள், தனித்தனியாகக் கேள். தையல்காரம்மாவை மாடிப்படிக்கு அழைத்துப் போய், உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டாள். இப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு அணை உடைந்தது. ரேடியோ சத்தம், குடை, ஜன்னல், தண்ணீர்க் கேன், கத்தரிக்கோலை எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்காதது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனார்.

"இருபத்திரண்டு வருஷம்மா. நான் தெச்சதப் பாத்து நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா அந்த மனுஷன்? உனக்குத் தெரியாது, அவரு ஆரம்பத்துல எப்படி இருந்தாருன்னு—"

"ஆளைப் பத்தி வேண்டாம்மா" என்று மாணவி மென்மையாகத் தடுத்தாள். ஆள் வேறு, பிரச்சினை வேறு. ஆளுக்குள் நுழைந்தால் பேச்சுவார்த்தை கெட்டுவிடும் என்று பேராசிரியை தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்திருந்தார். நோட்டில் எழுதினாள்: 'நீண்டகால வணிக உறவு. இருபத்திரண்டு ஆண்டுகள்.'

ஜெராக்ஸ்காரரும் மாடிப்படியில் கண் கலங்கினார். அவரும் ஆளைப் பற்றித்தான் தொடங்கினார். அவரையும் தடுத்து, பிரச்சினைப் பக்கம் திருப்பிவிட்டாள். புதன் காலை ஒன்றாக இருந்த தகராறு, மாலையில் பத்தொன்பது ஆகியிருந்தது.

வியாழக்கிழமை அடுத்த படி. பேச்சு முறிந்தால் உங்களுக்கு என்ன மாற்று வழி இருக்கிறது என்று கேட்க வேண்டும். மாற்று வழி இல்லையென்று புரிந்தால் இரண்டு பேரும் இறங்கி வருவார்கள். கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று இரண்டு பேரும் சொன்னார்கள். அதுவரை யோசிக்காதவர்கள், அன்றைக்கு நன்றாக யோசித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை தையல்காரம்மா எதிர்த் தெருவில் ஒரு தனி அறை பார்த்துவைத்துவிட்டு வந்தார். ஜெராக்ஸ்காரர் ஊருக்கு வெளியே இருக்கும் அண்ணன் கடையில் ஒரு மூலை கேட்டுவைத்திருந்தார். இரண்டு பேரும் இறங்கி வருவதற்குப் பதில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

மணி ஒன்று. மாணவிக்கு இன்னும் மூன்றே மணி நேரம்தான் இருந்தது. ஆனால் மூளை பறந்தது. சேர்ந்திருக்க முடியாதென்றால் பிரிப்பதும் ஒரு தீர்வுதானே. வெள்ளைத் தாளை எடுத்து மடமடவென்று எழுத ஆரம்பித்தாள். மின்விசிறி ஒரு மணி நேரம் அவருக்கு, ஒரு மணி நேரம் இவருக்கு. ரேடியோ தடை. மதியச் சாப்பாடு தனித்தனி. ஒருவர் பொருளை ஒருவர் தொடக் கூடாது. இனி நேரில் பேச்சு கிடையாது. எதுவானாலும் எழுத்து மூலம்.

அதிசயம், இரண்டு பேரும் முந்திக்கொண்டு ஒத்துழைத்தார்கள்.

"வண்டி?" என்றார் ஜெராக்ஸ்காரர், வீம்பாக. "இருக்கிறது ஒரே வண்டி."

சரக்கெடுக்கும் வண்டியாக இருக்கும் என்று நினைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று எழுதினாள்.

"ஞாயித்துக்கிழமை?" தையல்காரம்மாவின் குரல் சன்னமாக இருந்தது.

"அன்னைக்குக் கடை லீவுதானேம்மா. யாரும் யாரையும் பாக்கவே வேண்டாம்."

இருபத்து மூன்று ஷரத்துகள். மூன்றே காலுக்குத் தாள் தயார். ஜெராக்ஸ்காரரே இரண்டு பிரதி எடுத்தார். கறுப்புக் கோடு விழவே இல்லை. பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு, "நீ முதல்ல போடு" என்றார்.

"நீங்கதானே ஆரம்பிச்சீங்க. நீங்க போடுங்க."

"வேண்டாம்னா இப்பவே சொல்லிடு."

"நான் ஏன் சொல்லணும்? நீங்க சொல்லுங்களேன்."

மாணவி கடிகாரத்தைப் பார்த்தாள். சரிங்க என்று பழைய வழக்கப்படி ஒதுங்கிப் போக இது நேரமில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அழுத்தமாகச் சொன்னாள்: "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போடுங்க. ஆளுக்கொரு பிரதி."

போட்டார்கள். பிரதிகளை மாற்றிக்கொண்டு மறுபடியும் போட்டார்கள்.

அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. தொழிற்சாலையையும் மனையையும் தூக்கிக் கொடுத்தவளா இவள்? இரண்டே நாளில் இருபத்து மூன்று ஷரத்து. பேராசிரியையின் முகம் எப்படி மலரும் என்று நினைத்தபோதே சிரிப்பு வந்தது. சாட்சி மட்டும்தான் பாக்கி. வெளியே ஓடி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளிப் பெரியவரைக் கையோடு இழுத்துவந்தாள். இந்த இரண்டு கடைக்காரர்களையும் உங்களுக்குத் தெரியும்தானே, தெரிந்தால் போதும், இங்கே ஒரு கையெழுத்து என்று விரலால் காட்டினாள். ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்றவர்களைப் பெரியவர் ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். இரண்டு பிரதியிலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி அவளிடம் நீட்டினார்.

"இவங்க ரெண்டு பேருக்காகவும் நான் போடுற ரெண்டாவது சாட்சிக் கையெழுத்தும்மா இது. மொத கையெழுத்து, ரெஜிஸ்டர் ஆபீஸ்ல இவங்க கல்யாணத்துக்குப் போட்டது."