பிடுகடெ வேண்டுமென்றால் கையைத் தூக்கவும்

கல்லூரியில் படிக்கும் கிறிஸ்தவப் பிள்ளைக்குக் கோடை விடுமுறையில் முதலில் கெட்டுப்போவது பக்திதான். எங்கள் காவேரிப்பட்டினத்து மாம்பழம்கூட அதற்குப் பிறகுதான் கெடும். பெங்களூரு விடுதியில் தினமும் ஜெபக்குழு, ஞாயிறு தவறாமல் ஆராதனை என்று விறைப்பாக இருந்தவன் நான். முதலாம் ஆண்டு முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே பத்தரை மணிக்கு எழ ஆரம்பித்துவிட்டேன். வேதாகமம் பையை விட்டு வெளியே வரவில்லை. (ஜிப்பையே தொடவில்லை என்பதுதான் உண்மை.)

அப்பாவுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. அவர் விடியற்காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பேன், முடிந்து மதியம் வரும்போதும் சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் பொறுமை இழந்துவிட்டார்.

"காலேஜிக்குப் போயி உன் ஆவிக்குரிய வாழ்க்க இப்பிடி படுத்துக்கிச்சுன்னா அந்த ஹாஸ்டலே வேணாம்டா. ஓசூர்ல சித்தப்பா வூட்டுல தங்கி தெனமும் பஸ்ஸுல போயிட்டு வா."

சித்தப்பா வீட்டில் காலை நாலரை மணிக்குக் குடும்ப ஜெபம், அதுவும் முழங்காலில். விடுமுறை முடிவதற்குள் நான் பக்திமான் என்று எப்படியாவது நிரூபித்தாக வேண்டும்.

வாய்ப்பு தானாக வந்தது. சபையில் நடந்த விடுமுறை வேதாகமப் பள்ளியின் கடைசி நாளில் பேச, ஹூப்ளி பக்கத்திலிருந்து ஒரு போதகர் வந்திருந்தார். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. மொழிபெயர்க்க வேண்டிய எங்கள் பாஸ்டருக்கோ அன்று பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தார்.

"தம்பி, பெங்களூருலதான படிக்கறீங்க? கன்னடம் வருமில்ல?"

"நல்லாவே வரும்ங்க ஐயா."

விடுதியில் என் அறைவாசிகள் இருவரும் சேலத்துக்காரர்கள். பஸ் கண்டக்டரிடம் பழகிய கன்னடம்தான் என் மொத்த இருப்பு. ஆனால் கைவசம் ஒரு சூத்திரம் வைத்திருந்தேன். தமிழில் 'ப' வந்தால் 'ஹ' போடு: பால், ஹாலு. 'வ' வந்தால் 'ப' போடு: வா, பா. கன்னடம் தயார். (இந்தக் கண்டுபிடிப்புக்கு யாரும் எனக்குப் பட்டம் கொடுக்கவில்லையே என்ற வருத்தம் வேறு.)

முதல் பத்து நிமிடம் சூத்திரம் பிரமாதமாக வேலை செய்தது. அதன் பிறகு போதகர் குரலை உயர்த்தினார்.

"யேசு நிமகெ பிடுகடெ கொடுத்தாரெ!"

பிடுகடெ. 'ப'வை 'வ' ஆக்கினால் விடுகடெ. அட, விடுகதை! இயேசு உவமைகள் சொன்னவர்தானே, விடுகதையும் போட்டிருப்பார் என்று என் வேத அறிவு அதற்கு ஒப்புதல் கொடுத்தது.

"இயேசு உங்களுக்கு விடுகதை கொடுக்கிறார்!" என்று முழங்கினேன்.

"பிடுகடெ பேகா? பேகாதரெ கை எத்தி!"

"விடுகதை வேணுமா? வேணும்னா கையைத் தூக்குங்க!"

மொத்தப் பிள்ளைகளும் கையைத் தூக்கினார்கள். சிலர் இரண்டு கைகளையும். போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு அறுவடையை அவர் எதிர்பார்க்கவில்லை போலும். கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்தார். முன்வரிசையில் ஒரு சிறுமி பொறுமை இழந்து கத்தினாள்.

"அண்ணா, மொதல்ல விடுகதையப் போடுங்கண்ணா!"

எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஆனால் கையில் மைக் இருக்கிறதே! வாய்க்கு வந்ததைப் போட்டேன்.

"மேல மஞ்ச சட்ட, உள்ள ஒத்த எலும்பு. அது என்ன?"

"மாம்பழம்!" என்று கூரை அதிர்ந்தது.

அது ஏதோ தமிழ் ஸ்தோத்திரம் என்று நினைத்த போதகர், கண்ணீர் வழிய, இரு கைகளையும் உயர்த்தி, "மாம்பளம்! மாம்பளம்!" என்றார்.

அப்போதுதான் கதவோரம் அப்பாவைப் பார்த்தேன். கம்பெனிச் சீருடையில், ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்தார். இருபது வருடமாகக் கன்னடக்காரர்களோடு ஒரே லைனில் வேலை செய்பவர். விறுவிறுவென்று வந்து மைக்கை வாங்கினார்.

"பிள்ளைங்களா, ஐயா கேட்டது விடுகதை இல்ல. விடுதலை. பாவத்துல இருந்து விடுதலை."

"அப்ப விடுகதை கெடையாதா?" என்றாள் அந்தச் சிறுமி. அவள் கை இறங்கியது. அதைப் பார்த்து மற்ற கைகளும் ஒவ்வொன்றாக இறங்கின. இறங்கும் கைகளைப் பார்த்த போதகரின் முகம் வாடியதே, அதை இன்றுவரை மறக்க முடியவில்லை. சித்தப்பா வீடு, நாலரை மணி எல்லாம் மறந்து எனக்கு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

அப்பா கன்னடத்தில் விளக்கினார். போதகர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். சூத்திரத்தைத் தொட எனக்குத் தைரியம் இல்லை.

"உனக்கு பிடுகடெ வேணுமான்னு கேக்கறாரு," என்றார் அப்பா.

கையைத் தூக்கினேன். அந்தக் கூட்டத்தில் அர்த்தம் தெரிந்து தூக்கிய கை அது ஒன்றுதான்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் அப்பா கேட்டார். "இந்த லீவுல எத்தன நாளுடா பைபிள் தொறந்த?"

"ஒரு நாளுமில்லப்பா."

"இதுக்குத்தானே கேட்டேன். உண்மைய சொல்ற வரைக்கும் ஆள் உருப்புடுவான். ஹாஸ்டல்லயே இரு," என்றவர், அதற்கு மேல் அடக்க முடியாமல் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஜெபத்தில் 'விடுதலை' தடை செய்யப்பட்ட சொல். தவறி வந்துவிட்டால் அம்மாவின் தோள்கள் குலுங்க ஆரம்பிக்கும், ஜெபம் அதோடு சரி. இத்தனை வருடம் கழித்துப் போன வாரம் அப்பாவே மறந்துபோய் "எங்களுக்கு விடுதலை தாரும்" என்றுவிட்டார். ஆமென் சொன்னதும் இந்தக் கதையைக் கேட்டே வளரும் என் ஐந்து வயது மகள், "விடை என்ன தாத்தா?" என்றாள்.

"எனக்கெப்பிடிக் கண்ணு தெரியும்? உங்கப்பனக் கேளு. மைக்கு அவன்கிட்டதான் இருந்துச்சு."