ஜிகினாச் சட்டை மச்சான்

தீ மிதித்தவனுக்குத் திமிர் வரும் என்பதற்கு யாங்கூனில் என்னைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கோயில் திருவிழாவில் பூக்குழி இறங்கிய நாளிலிருந்து தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடப்பேன் (பாதத்துக் கொப்புளம் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்).

அந்தத் திமிரோடுதான் அலோன் பேட்டைக்குக் கலாவைப் பெண் பார்க்கப் போனேன். அவள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனிதர். என்னை அவருக்குப் பிடித்துவிட்டது. பெற்ற மகன் சேகரைத்தான் பிடிக்கவில்லை. அவன் ஷாப்பிங் மாலில் இருக்கும் பனித்தளத்தில் பாட்டுக்கு ஏற்றபடி சறுக்கி ஆடுகிறவன்.

"ஆம்பளப்புள்ள ஜிகினாச் சட்டை போட்டுக்கிட்டு, கைய ஆட்டி ஆட்டி வழுக்குறான். வெளிய சொன்னா வெக்கக்கேடு, தம்பி."

நான் சும்மா இருந்திருக்கலாம். "அதுல என்ன மாமா இருக்கு? பொம்பளப்புள்ளைங்க வெளையாட்டு. நெருப்பையே மிதிச்சவன் நான். ஐஸ் எம்மாத்திரம்?" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

தேநீர் கொண்டுவந்த கலா, டம்ளரை டொக்கென்று வைத்தாள்.

"அப்பாவுக்குச் சம்மதம். நான் இன்னும் சொல்லல. ஞாயித்துக்கிழம வந்து ஐஸ்ல என் தம்பிகூட ஒரு ரவுண்டு சுத்துங்க. அப்புறம் சொல்றேன்."

எனக்கோ அவளைப் பார்த்த நிமிஷமே பிடித்துப்போயிருந்தது. போகாமல் இருக்க முடியுமா?

போனேன், லோஞ்சி கட்டிக்கொண்டு (நம் கைலிதான்). "பேண்ட் போட்டுக்குங்கண்ணே" என்று சேகர் கெஞ்சினான். "ஆம்பளைக்கு இது போதும்ப்பா" என்று, பிரம்புப் பந்தை உதைத்துச் சின்லோன் ஆடுகிறவர்களைப் போல் லோஞ்சியைத் தார்ப்பாய்ச்சி இழுத்துச் செருகிக்கொண்டு பனியில் இறங்கினேன். தளத்தைச் சுற்றியிருந்த தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் கலாவும் அவள் அப்பாவும் நின்றார்கள்.

இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. வலது கால் ஒரு திசையில் தன்லியின் ஊருக்கும் இடது கால் வேறு திசையில் டாலாவுக்கும் புறப்பட்டன. செருகல் அவிழ்ந்தது. ஒரு கை லோஞ்சியைப் பிடித்தது, இன்னொரு கைக்குக் கம்பி எட்டவில்லை. "அமலே! ஐயோ! ஆத்தா!" என்று பர்மியத்திலும் தமிழிலும் அலறினேன்.

ஜிகினா மின்ன சேகர் பாய்ந்து வந்தான். விழுந்துகொண்டிருந்த என்னை அப்படியே இரண்டு கையிலும் ஏந்தி, தாளம் தப்பாமல் ஒரு முழுச் சுற்று சுற்றினான். முகத்துச் சிரிப்பு மாறவில்லை, மூச்சு வாங்கவில்லை. இதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்து ஜனங்கள் கைதட்டித் தீர்த்தார்கள்.

அப்பாக்காரர் கம்பியைப் பிடித்தபடி வாயைப் பிளந்துவிட்டார். "நான் தரையில நின்னு மூட்ட தூக்குனவன். எம்புள்ள வழுக்குற எடத்துல தூக்குறானே!" மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

சேகர் என்னைக் கலாவின் முன்னால் கொண்டுபோய் இறக்கினான். அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் உள்ளதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"தம்பி, அது கையா, தேக்கா? தெரியாம பேசிட்டேன், மன்னிச்சிடுப்பா."

கலா சிரித்துவிட்டாள். "சரிங்க, எனக்குச் சம்மதம். மொதல்ல லோஞ்சியக் கட்டுங்க."

இப்போது எங்கள் மகளுக்கு வாய் அதிகம். உங்கள் அப்பா அம்மாவை எப்படிக் கல்யாணம் பண்ணினார் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும்.

"அப்பா ஒன்னும் பண்ணல. மாமா தூக்கிட்டு வந்து குடுத்தாரு. அம்மா வாங்கிக்கிட்டாங்க."