மாடிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

பள்ளிக்கூட வாசலில் கட்டியிருந்த பேனரைப் பார்த்ததும் தலைமையாசிரியை ஞானசெல்விக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நடுவில் குணசுந்தரி அம்மாவின் படம் சிரிக்கிறது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே கொட்டை எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’.

‘வருக வருக’ என்று இருக்க வேண்டிய இடம் அது.

குணசுந்தரி அம்மா சாத்தாங்காட்டில் இரும்பு வியாபாரம் செய்கிறவர். எர்ணாவூர்ப் பெண்பிள்ளைகளுக்காக இந்தப் பள்ளியைக் கட்டிக்கொடுத்தவரும் அவர்தான். பள்ளி பத்தாவதோடு நிற்கிறது. மாடி எழும்பினால்தான் பிளஸ் ஒன் வரும், இல்லாவிட்டால் இந்த வருஷமும் பாதிப் பிள்ளைகள் வீட்டோடு நின்றுவிடும். மாடி விஷயத்தை இன்றைய ஆண்டு விழாவில் முடித்துத் தருகிறேன் என்று சொன்ன மகராசிக்குத்தான் வாசலிலேயே இந்த மரியாதை.

ஞானசெல்வி போன் போட்டார். அம்மாவின் போன் அணைந்திருந்தது. அடுத்து பேனர் கடை டில்லிபாபுவைப் பிடித்தார்.

“சாவு பேனர் கட்டிட்டுப் போயிருக்கியேப்பா.”

“ராயபுரத்துல கீறேன் டீச்சர், வந்து சொல்றேன்,” என்று வைத்துவிட்டான் பாவி.

சரி, எழுத்தையாவது மறைப்போம் என்று ஆயா சொக்கம்மாளை ஏவினார். சொக்கம்மாள் கைக்குக் கிடைத்த வெள்ளை மேஜைத் துணியைப் பேனரின் மேல் ஓரத்தில் எழுத்து மறையக் கட்டினாள். படமும் விளக்கும் அப்படியே தெரிந்தன. வெள்ளைத் துணியும் சேர்ந்ததில் சாவு வீட்டுக்கு இருந்த ஒரே குறையும் தீர்ந்தது.

அந்த வழியாக வந்த மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்தாள். “ஐயோ, எங்கம்மா பூட்ச்சா?”

“இல்லம்மா, நல்லா இருக்காங்க.”

“அப்ப போன் போட்டுக் குடு, பேசறேன்.”

“அவங்க போன் அணைஞ்சு கெடக்கு,” என்று ஞானசெல்வி உண்மையைச் சொல்லித் தொலைத்தார்.

அவ்வளவுதான், ஒப்பாரி ஆரம்பித்துவிட்டது. ஒப்பாரிக்கு நடுவே ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு ஓடுகிறதே என்று பதறிப்போய் அதை நிறுத்தச் சொன்னார். பாட்டு நின்றதும் தெருவுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போனது. சாத்தாங்காட்டில் ஷட்டர்கள் இறங்கின. மாலைகள் வந்தன. யார் சொன்னார்களோ, சாவு மேளமும் வந்தது.

உட்காரவைத்து நிதானமாக எடுத்துச் சொல்லலாம் என்று நாற்காலி போட்டு டீ கொடுத்தார். டீ கிடைக்கிற துக்கத்தை விட்டுவிட்டு யார் எழுந்து போவார்கள்?

வியாபாரிகள் சங்கத் தலைவர் மனோகரன் மைக்கைப் பிடித்தார். குணசுந்தரி அம்மா மாடிக்காக நேரில் போய்க் கேட்டபோதெல்லாம் ‘யாபாரம் டல்லுக்கா’ என்று நழுவியவர் இவர்.

“அக்கா ஆசப்பட்ட மாடிக்கு கம்பி மொத்தமும் என்னுது,” என்று விசும்பினார்.

சிமென்ட் கடை ரஷீது பாய் விடுவாரா? “சிமென்ட்டு மொத்தம் நம்மளுது.”

ஜன்னல், கதவு, படிக்கட்டு என்று ஆளாளுக்குப் போட்டி போட்டார்கள். ஐயோ, இதெல்லாம் ஒரு பொய்ச் சாவுக்கு வருகிற வரம், உண்மை தெரிந்தால் திரும்பிப் போய்விடுமே என்று ஞானசெல்விக்குத் தோன்றியது. ஆனாலும் மனசு கேட்காமல் மைக்கை வாங்கப் போனார். துக்கம் தாங்காமல் தள்ளாடுகிறார் என்று நினைத்து சோடா கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கார் வந்து நின்றது. குணசுந்தரி அம்மா இறங்கினார். மேளம் பாதியில் நின்றது. மனோகரன் கையிலிருந்து மைக் விழுந்தது.

அம்மா குனிந்து அதை எடுத்தார். “இன்னாத்துக்கு மனோகரா அயுவுற? நான் நல்லாத்தான் கீறேன். கம்பி எப்ப வரும்?”

ஊரே கேட்ட வாக்கை எங்கே விழுங்குவது? “நாளைக்கேக்கா,” என்றார் மனோகரன்.

ஞானசெல்விக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. “மன்னிச்சிடுங்கம்மா. எல்லாம் இந்த டில்லிபாபு பண்ணின கூத்து,” என்று அப்போதுதான் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தவனைக் காட்டினார்.

“என்ன ஏன் டீச்சர் திட்றீங்க? நான் ‘வருக வருக’ன்னுதான் அடிச்சு வச்சேன். அம்மாதான் நேத்து கடைக்கு வந்து, ‘உசுரோட கேட்டா ஒர்த்தனும் குடுக்கலடா, செத்துப் பாக்குறேன், மாத்தி அடி’ன்னாங்க.”