வெறுங்கால் அண்ணை வார்த்த பால்

ரோமர்கள் லண்டனை விட்டுப் போனபிறகு அவர்களுடைய கோயிலுக்கு முறைப்படி மரியாதை செய்த ஒரே மனிதர் வெறுங்கால் அண்ணைதான். எந்தப் பேராசிரியர் முன்னாலும் இதை அடித்துச் சொல்வேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், தேம்ஸுக்குத் தெற்கே ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு அத்திவாரம் தோண்டியபோது ரோமர் காலத்துக் கோயிலொன்று வெளிப்பட்டது. தொல்லியல்காரர்கள் வந்து இறங்கினார்கள். நான் அங்கே செக்யூரிட்டி. பிரான்சில் உணவகங்களில் கோப்பை கழுவிவிட்டு வடக்கு லண்டனில் எட்மண்டனுக்கு வந்திருந்த அண்ணைக்கு மண் அள்ளும் வேலை.

முதல்நாளே வம்பு. இரும்புமுனைச் சப்பாத்து கட்டாயம். அண்ணையோ அதைக் கழற்றிக் குழியோரம் வைத்துவிட்டு, விறைக்கும் குளிரில் வெறுங்காலோடு இறங்கினார். மேற்பார்வையாளர் குய்யோமுறையோ என்று கத்தினார்.

"அண்ணை, வேலை போயிடும். போடுங்கோ!" என்றேன் நான்.

"உனக்கென்ன விசரே? மூலஸ்தானத்துக்குள்ள சப்பாத்தோட போறதோ?"

"உள்ளுக்குச் சாமியே இல்லையே."

"வீட்டுக்காரர் இல்லையெண்டா, நீ சப்பாத்தோட அடுப்படிக்குள்ள போவியே?"

கடைசியில் அவரை வெளியே நிறுத்தி, குழியிலிருந்து வரும் மண்வாளிகளை வாங்கிக் கொட்ட விட்டார்கள். ஒவ்வொரு வாளிக்கும் கோயிலை ஒருமுறை வலம் வந்தார். வேலை எப்படி ஓடியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

பிறகு கோயிலோடு சேர்ந்து வெளிப்பட்ட பழங்கிணற்றுக்குள்ளிருந்து மூக்குடைந்த அம்மன் சிலையொன்று கிடைத்தது. எதிரிகள் உடைத்து எறிந்திருக்கிறார்கள் என்றார்கள் படித்தவர்கள்.

"ஒருத்தரும் எறியேல்லை," என்றார் அண்ணை. "பின்னப்பட்ட விக்கிரகத்தைத் தண்ணியில விடுறதுதானே முறை. ஐயர்மாரே இறக்கியிருப்பினம்."

என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். அகழ்வுக்குப் பொறுப்பான அம்மையார் சிரிக்கவில்லை, கொப்பியில் எழுதினார். அடுத்த கிழமையே கண்டெடுத்த பொருட்களைப் பிரஷால் துடைக்கும் கொட்டகைக்கு அண்ணையை மாற்றி, நிரந்தர வேலைக்கும் எழுதிப்போட்டார். அது கிடைத்தால் கொழும்பில் காத்திருந்த மனைவியை அண்ணை லண்டனுக்குக் கூப்பிடலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணை என் அறைக்கு வந்தார்.

"தம்பி, பால் இருக்கே?"

தேநீருக்கு வைத்திருந்த பால் போத்தலைக் கொடுத்தேன். அவர் கையில் கோப்பை இல்லை, பல் துலக்கும் பிரஷ்தான் இருந்தது. பார்த்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

அரை மணியில் கொட்டகையிலிருந்து அலறல். அம்மன் பாலில் குளித்துப் பளிச்சென்று நின்றாள். இத்தனை நூற்றாண்டு அவள் காதோரம் ஒட்டியிருந்த சிவப்புச் சாயம் வாளித் தண்ணீரில் போய்விட்டது. அம்மையார் கதிரையில் உட்கார்ந்து அழுதார்.

மேற்பார்வையாளர் அண்ணையை என் அறைக்குக் கூட்டிவந்து, பால் கொடுத்தது யார் என்று கேட்டார். நான் தேநீர்க் கேத்திலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான் கொண்டந்தனான்," என்றார் அண்ணை.

அன்றோடு வேலை போயிற்று. வாசல் கேற்றடியில் கேட்டேன்: "பின்னப்பட்டதுக்குப் பூசை இல்லையெண்டு சொன்னது நீங்கள்தானே அண்ணை?"

"பூசை இல்லைத்தான். இவ்வளவு காலம் சேத்துக்குள்ள கிடந்தவ, குளிக்க வார்த்தால் என்ன?"

அதன்பிறகு அவரை நான் காணவில்லை. மனைவி வந்தாவோ தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழியில் பாதி என்னுடையதாகியிருக்கும், அவருக்கும் ஓர் எச்சரிக்கையோடு போயிருக்கலாம். என் வேலைக்குப் பயந்தேன். அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கட்டடத்தின் வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மன் நிற்கிறாள். பூசாரிகளே பக்தியோடு கிணற்றில் இறக்கியிருக்கலாம் என்று கீழே எழுதியிருக்கிறது. அண்ணையின் பேர் இல்லை.

அந்தப் பக்கம் போனால் உள்ளே நுழைந்து, பெட்டிக்கு முன்னால் சப்பாத்தைக் கழற்றுவேன். அங்கே நிற்கும் செக்யூரிட்டி முறைத்துப் பார்ப்பான். பார்க்கட்டும்.

"பால் நான் குடுத்தது, தாயே," என்று சொல்லிவிட்டு வருவேன்.