பெரட்டுப் போட்டு ஆக்கிய சோறு

புந்தோங், ஈப்போ
செப்டம்பர் 1986

பாகான் செராயில் வயலும் வரப்புமாக வாழும் மச்சான் ஐயாவு அவர்களுக்கு, தங்கள் தங்கை மங்களத்தின் கணவன் சின்னையா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று முதலில் எழுதுவது மரியாதை. எழுதிவிட்டேன்.

ஈயம் தோண்டும் லம்பங்களை மூடியதிலிருந்து எங்கள் சந்தில் பாதி வீட்டுக்கு வேலையில்லை. மறுபடி வேலை கிடைக்கும்வரை ஒருவரும் பட்டினி கிடக்கக் கூடாது என்று, அவரவர் கொண்டு வருவதை ஒரே அண்டாவில் போட்டுப் பொதுவில் ஆக்குகிறோம். ஆக்குவது தொல்லையில்லை மச்சான், என்ன ஆக்குவது என்று தினமும் கூட்டம் போட்டுக் கை தூக்கினார்கள், அதுதான் தொல்லை. சாம்பாரா நெத்திலிச் சம்பலா என்று ராக்காயி எழுந்து பேசுவாள், அவள் உட்கார்ந்தால் மரியஜோசப் எழுந்துகொள்வார், அதற்குள் வெயில் சாய்ந்துவிடும். "ஏழை நாட்டுக்கு ஓட்டு எதுக்குலா? மொதல்ல வயிறு நெறையட்டும்" என்று காப்பிக்கடையில் விவரம் தெரிந்தவர்கள் பேசியது எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது. தோட்டத்தில் தண்டலாக இருந்து ஆட்களை வேலை வாங்கியவன் நான், அண்டாவை என்னிடம் விடுங்கள் என்றேன். விட்டார்கள், அதையும் கை தூக்கித்தான் விட்டார்கள்.

மறுநாளே தோட்டத்து வழக்கப்படி பெரட்டுப் போட்டேன். எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டேன். எதிர்த்துப் பேசினால் பேர் வெட்டு, அன்றைக்குச் சோறில்லை. சந்தே அடங்கிப்போனது. சோறு நேரத்துக்கு வெந்தது, மிச்சம்கூட விழுந்தது. என் நிர்வாகத்தில் பசியே குறைந்துவிட்டது என்று பெருமையடித்துக்கொண்டிருந்தபோது, மரியஜோசப்பின் மனைவி ஹில்டா, கைக்குழந்தைக்காரி, குழாயடியில் மயங்கி விழுந்தாள். ராக்காயிதான் தண்ணீர் தெளித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அரிசி மூட்டைல மண்ணெண்ண கொட்டிப்போச்சுண்ணே. ரெண்டு வாய்க்கு மேல யாருக்கும் எறங்கல."

எனக்குச் சளி, மூக்கு வேலை செய்யவில்லை. "ஏன் சொல்லல?" என்றேன்.

"பெரட்டுல வாயத் தொறந்தா பேர வெட்டிருவீங்களே."

நீயாவது சொல்லியிருக்கலாமே என்று மங்களத்தைக் கேட்டேன். "நானும் வரிசையிலதானே நின்னேன்" என்றாள். அண்டா நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பால் கொடுக்கிறவளைப் பட்டினி போட்டிருக்கிறேன் மச்சான், தலை நிமிர முடியவில்லை.

அன்று சாயங்காலமே பழையபடி கூட்டம் கூடியது. முதலில் என்னைத் திட்டினார்கள், பிறகு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஆற்றோரத்தில் நிலம் சும்மா கிடக்கிறது என்று யாரோ சொல்ல, ஒரு மாதத்தில் இப்போது அங்கே கீரை தளதளவென்று நிற்கிறது. சாப்பாடு தாமதம்தான், ஆனால் எல்லாரும் சாப்பிடுகிறார்கள், ஹில்டாவும் தேறிவிட்டாள். இருந்தாலும் அத்தனை பேர் எதிரில் திட்டு வாங்கியவன் இன்னும் இங்கே எப்படி இருப்பது? ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருகிறேன். உங்கள் வயலில் நெல்லாவது என்னை எதிர்த்துப் பேசாது.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் மாரியம்மன் ஒரு குறையும் வைக்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
சின்னையா

பி.கு.: நான் வரவில்லை. பெட்டி கட்டியது தெரிந்து, என்னை அனுப்பலாமா என்று கூட்டம் போட்டார்கள். "அண்ணே இருக்கட்டும், மோந்து பாக்குற வேல மட்டும் குடுக்காதீங்க" என்றாள் ஹில்டா. இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். மங்களம் விலாவில் இடித்த பிறகுதான் பார்த்தேன், நானும் தூக்கியிருந்தேன்.