மகானின் பத்து விரல்

போட்டிக்கு இன்னும் பதினாறு மணி நேரம் இருந்தபோது கணேசமூர்த்தியின் கிராமபோன் ஊசி முறிந்தது.

அதுதான் கடைசி ஊசி. ஹட்டனுக்குப் போகும் பஸ் போய்விட்டது. மறுநாள் ஞாயிறு, போனாலும் கடை திறந்திருக்காது. முறிந்த ஊசியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பார்ப்பது போல அவன் இசைத்தட்டைப் பார்த்தான்.

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மேல்கணக்குக்கு, அதாவது மேல்பிரிவுக்கு, கணக்கப்பிள்ளை அவன். மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களின் பின்னால் நின்று விரட்டுவது வேலை. வயது இருபத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. பழைய துரையும் துரைசாணியும் கப்பலேறியபோது, பங்களாவில் வேண்டாமென்று ஒதுக்கிய சாமான்களில் சாவி முறுக்கும் கிராமபோனும் ஒரே ஒரு தட்டும் அவன் பங்குக்கு வந்தன. தட்டின் நடுவே ஒட்டியிருந்த வட்டக் காகிதம் மலை ஈரத்தில் ஊறி உரிந்து போயிருந்தது. வாசிப்பது யாரென்று தெரியாது. வாசிக்கப்படுவது பியானோ என்று மட்டும் தெரியும். துரைசாணியின் பியானோவை ஜன்னல் வழியாக அவன் கேட்டிருக்கிறான்.

பெயர் தெரியாத அந்த ஆளுக்கு அவன் வைத்த பெயர் மகான்.

மாலையில் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் கிராமபோனை ஏற்றி வைத்துவிட்டுத் தான் தரையில் உட்காருவான். தொடக்கத்தில் மகான் அவசரப்பட மாட்டார். மூடுபனி கலைகிற நேரத்தில் சவுக்கு மரம் சொட்டுமே, அப்படி ஒவ்வொன்றாக விழும். பிறகு கீழே ஒரு கை நடக்கும். மேலே ஒரு கை ஓடும். பக்கம் முடிகிற சமயத்தில் தகரக் கூரையில் கல்மழை. ஊசி கரகரத்து ஓய்ந்த பிறகும் கணேசமூர்த்தி எழுந்திருக்க மாட்டான். எங்கேயோ ஒரு மனிதர் ஓர் அறையில் உட்கார்ந்து வாசித்ததை யாரோ பிடித்து வைத்து, அது கடல் தாண்டி மலையேறித் தன் நாற்காலிக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைக்கும்போது அவனுக்கு மயிர்க்கூச்செறியும்.

இதைத் தனக்குள்ளேயே வைத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை மலையில் வாயை விட்டான்.

"ஒரே மனுசன், புள்ள. பத்தே விரலு. அந்தக் கை ஓடுற ஓட்டத்துல பாதி ஓடினாப் போதும், நீங்கள்லாம் ரெண்டு ராத்தல் கூடப் பறிக்கலாம்."

சண்முகவடிவு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேல்கணக்கிலேயே வேகமான கை அவளுடையது. "அந்த மகான இங்க வரச் சொல்லுங்க. அட்டக்கடியில நின்னு பறிச்சுக் காட்டட்டும். பொறவு பேசுவோம்."

நிரை பிடித்துப் பறித்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். தன்னைச் சிரித்திருந்தால் கணேசமூர்த்தி பொறுத்திருப்பான். மகானை அல்லவா சிரிக்கிறார்கள்!

"அவரு விரலுக்கு உன் விரலு ஈடாகுமா?"

"ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா, நான் கூடைய மாட்டிக்கிட்டு ஒரு நாள் பூரா நெரை புடிக்கிறேன்."

"ஆகாட்டி?"

"ஆளுக்கு ரெண்டு ராத்தல் கூட. தெனமும்."

கணக்கப்பிள்ளை ஒருவன் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி எந்தத் தோட்டத்திலும் யாரும் பார்த்ததில்லை. அந்தக் காட்சிக்காகவே பெண்கள் சரி என்றார்கள். ஞாயிறு காலை ஒன்பது மணி. இடம், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு எதிரே உள்ள சரிவு. தட்டின் ஒரு பக்கம் ஓடி முடியும் வரை பறிக்க வேண்டும். மகானின் கை அழுத்துகிற இடத்திலெல்லாம் ஒரு கொழுந்து; மேலே ஓடுவதற்கு வலது கை, கீழே நடப்பதற்கு இடது கை.

"பின்தங்கினா யாரு பார்த்துச் சொல்றது?" என்று கேட்டான் கணேசமூர்த்தி.

"நானே சொல்லுவேன். என் கை எங்கிட்டப் பொய் சொல்லாது."

இப்போது ஊசி இல்லை.

மடுவத்துக் காவல்காரன் மூக்கன்தான் வழி சொன்னான். "எலுமிச்ச முள்ள வச்சுப் பாருங்கய்யா. அதுவும் கூராத்தானே இருக்கு?"

வைத்தார்கள். முள்ளும் வாசித்தது! கணேசமூர்த்திக்குக் கண் கலங்கியது. ஆனால் சத்தம் குறைந்துவிட்டது. வாசலில் நின்ற மூக்கன் காதைக் குடைந்துகொண்டான்.

"கொசு பாடுற மாதிரி இருக்குங்களே. மலையில எங்க கேக்கப் போவுது?"

"இப்ப என்னடா பண்றது?"

அதற்கும் மூக்கனிடம் வழி இருந்தது. ஸ்டோரிலிருந்து வெறும் தேயிலைப் பெட்டி ஒன்றை உருட்டி வந்தான். மெல்லிய பலகை, உள்ளே ஈயத்தாள். பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்துக் கிராமபோனை அதற்குள் தள்ளினார்கள்.

மகான் பெட்டியோடு சேர்ந்து அதிர்ந்தார். சத்தம் வீட்டை விட்டுக் கிளம்பி, லயத்து வீடுகளைத் தாண்டி, எதிர்மலையில் மோதித் திரும்பியது. ரொட்டி தட்டிக்கொண்டிருந்த பெண்கள் மாவுக் கையோடு வந்தார்கள். சீட்டாடிக்கொண்டிருந்த ஆண்கள் சீட்டைக் கையில் பிடித்தபடியே வந்தார்கள்.  கல்மழை வந்த இடத்தில் ஒரு பெரியவர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார், நனைந்திருக்கிறதா என்று.

"மனுசனா இது?" என்றான் மூக்கன். "நம்ம முருகனுக்குப் பன்னண்டு கை. அவரு வாசிச்சாத்தான் உண்டு."

"மனுசன்தான்டா. ரெண்டே கை. அதுதான் மகிமை."

கூட்டத்தின் ஓரத்தில் அம்மாக்கண்ணு நின்றிருந்தாள். பழைய துரைசாணியின் பிள்ளைகளுக்கு ஆயாவாக இருந்தவள். இப்போது பிள்ளைக்காம்பராவில், தாய்மார் மலைக்குப் போன பின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். தூங்கும் குழந்தைகளுக்கு நடுவிலேயே காலம் போனதால் அவள் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும்.

"ஐயா, இந்தத் தட்டு வந்துங்க, தொரசாணியம்மா..."

"உஷ்!" என்றான் கணேசமூர்த்தி. "மகான் வாசிக்கிறப்பப் பேசக்கூடாது, ஆயா."

தட்டு முடிந்ததும் அவள் மறுபடி வாயைத் திறந்தாள். அதற்குள் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. சத்தம் வந்த வழியே நடந்து புதிய துரையே வந்துவிட்டார்.

இந்தத் துரைக்கும் இசைக்கும் வெகுதூரம். அவருக்குப் பந்தயம்தான் உயிர். நுவரெலியாவில் குதிரை ஓடுகிற நாளில் அவரைத் தோட்டத்தில் தேடுவது வீண்.

"என்னா கலாட்டா இது?"

மூக்கன் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்தான். இரண்டு இறாத்தலைக்கூட விடவில்லை.

துரையின் முகம் மலர்ந்தது. "நல்ல பந்தயம்! நானும் பாக்க வரும். பொம்பள தோத்தா திங்கக்கிழமை தொடங்கி எல்லாருக்கும் ரெண்டு ராத்தல் கூட. கணக்கப்புள்ள தோத்தா கூடை. பந்தயம்னா பந்தயம்!"

 கணேசமூர்த்தி சொன்ன இரண்டு இறாத்தல் வாய்ச்சவடால். துரை சொன்னது சட்டம். இப்போதே மழைநாளில் ஒரு நாள் பேர் விழுந்து முழுக்கூலி கிடைப்பதற்குப் பெண்கள் இருட்டும் வரை மலையில் நிற்க வேண்டியிருக்கிறது.

கூட்டம் கலைந்தபோது சண்முகவடிவு அவனைக் கடந்து போனாள்.

"நல்லா இருங்க, கணக்கப்புள்ளையய்யா."

அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவன் தூங்கியிருப்பான்.

விடிந்தபோது அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். கூடையைச் சுமந்துவிட வேண்டியதுதான். மானம் போனால் போகட்டும். வழியும் இருந்தது. கிராமபோன் சாவியைப் பாதிதான் முறுக்குவது. நடுவழியில் வில் தளரும். தட்டு மெதுவாகச் சுற்றும். ஓட வேண்டிய மகான் நடப்பார். சண்முகவடிவின் கை சுலபமாக அவரைப் பிடித்துவிடும்.

"ஒரே ஒரு தடவ பொறுத்துக்குங்க, சாமி," என்று தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு புறப்பட்டான்.

மடுவத்தின் முன்னால் தோட்டமே நின்றது. துரைக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். சண்முகவடிவு இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, வெறும் கூடையோடு செடிகளுக்கு நடுவில் இறங்கி நின்றாள். தேயிலைப் பெட்டி தயார். முள் தயார். அம்மாக்கண்ணு இடுப்பில் ஒரு குழந்தையோடு நெருங்கி வந்தாள்.

"ஐயா, ஒரே ஒரு சங்கதி..."

குழந்தை வீரிட்டது. "புள்ளைய அந்தாண்ட கொண்டு போ!" என்று நூறு பேர் சொன்னார்கள்.

கணேசமூர்த்தி சாவியைப் பாதி முறுக்கி முள்ளை இறக்கினான்.

சவுக்கு மரம் சொட்டியது. ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு கொழுந்து அவள் விரலில் முறிந்தது. கீழே கை நடந்தது. அவள் இடது கை நடந்தது. மேலே கை ஓடியது. அவள் வலது கை ஓடியது. இரண்டும் வேறு வேறு வேலை பார்த்தன, ஒன்றை ஒன்று இடிக்கவில்லை. கணேசமூர்த்தி ஆறு மாதமாகக் காதால் கேட்டதை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தான். நான்கு வருடமாக இந்தக் கைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு "கையைப் போடு, கையைப் போடு" என்று கத்தியிருக்கிறோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது வில் தளர்ந்தது.

மகான் இழுத்தார். சாராயக் கடையிலிருந்து திரும்புகிறவன் போல ஒவ்வொரு சத்தமும் தள்ளாடி வந்தது. கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். சண்முகவடிவின் கை நிதானத்துக்கு வந்தது. திட்டம் பலித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம், கூடை அவனுடையது.

இன்னொருவனும் சிரித்தான்.

கணேசமூர்த்தி யோசிக்கவில்லை. கை தானாகப் போய்ச் சாவியைப் பிடித்தது. மளமளவென்று முழுசாக முறுக்கியது.

மகான் நிமிர்ந்தார். கல்மழை இறங்கியது. சண்முகவடிவு பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே இறங்கினாள். கொழுந்து தோளுக்கு மேலே பறந்து கூடையில் விழுந்தது. விரல் கண்ணுக்குத் தெரியவில்லை, செடி அசைவது மட்டும் தெரிந்தது. துரை நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். சிரித்த ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது தட்டு.

அவள் கை நின்றது.

மீதி மழையை மகான் தனியாகப் பெய்து முடித்தார்.

"போச்சு," என்றாள் சண்முகவடிவு. மூச்சு வாங்கியது. "மேல ஓடுறதுக்கு ஒரு கையக் குடுத்தேன். கீழ நடக்குறதுக்கு ஒரு கையக் குடுத்தேன். நடுவுல இன்னொண்ணு கூப்புடுதுங்கய்யா. அதுக்கு நான் எந்தக் கையக் குடுக்க?"

"கணக்கப்புள்ள ஜெயிச்சது!" என்றார் துரை. "நாளைக்குத் தொடங்கி ரெண்டு ராத்தல்."

 கணேசமூர்த்தி தன் வலது கையை யாருடையதோ என்பது போலப் பார்த்தான்.

மூக்கன் அவன் காதருகே குனிந்தான். "பாதி முறுக்குனத நான் பார்த்தேன். விட்டிருந்தாத் தோத்திருப்பீங்களேய்யா. சாவிய ஏன் முறுக்குனீங்க?"

"அவரப் பார்த்து சிரிச்சாங்கடா."

 பெட்டிக்குள் தட்டு நின்றுவிட்டது. இடுப்புக் குழந்தையும் தூங்கிவிட்டது. இரண்டு நாளில் முதல் தடவையாக மடுவத்தில் ஒரு சத்தமும் இல்லை.

"இப்பவாச்சும் பேசலாமுங்களா?" என்றாள் அம்மாக்கண்ணு.

"பேசு," என்றார் துரை.

"இந்தத் தட்டுல வாசிக்கிறவங்கள, தொரசாணியம்மாகூடக் கொழும்புக்குப் போனப்ப நான் நேர்ல பார்த்திருக்கேனுங்க, அது மகான் இல்லீங்க, அக்கா தங்கச்சி ரெண்டு பேரு, ஒரே பெஞ்சில ஒட்டி உக்காந்து நாலு கையால வாசிச்சாங்க."