ஆளில்லாத ஊருக்குத் தண்ணி லாரி

நான் சொல்றதுல ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லீங்க. பொய்யின்னா என்ற ஊட்டுக் கொழாயில தண்ணி வராமப் போகட்டும். இப்பவும் வர்றதில்ல, அது வேற விசயம்.

எங்கூரு கருங்கல்மேடு, வெள்ளகோவிலுக்குத் தெக்க. மூணு வருசமா மழையில்ல. ஆயிரத்தி எரநூறு அடிக்குப் போர் போட்டோம், புழுதிதான் பொகையா வந்துச்சு. ரெண்டு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி லாரியிலதான் ஊரே உசுர வெச்சுட்டு இருந்துச்சு.

சரி, சாமியக் கேப்போம்னு பொம்பளைங்க மழைச்சோறு எடுத்தாங்க. ஊடு ஊடா உப்பில்லாத சோறு வாங்கித் தின்னுபோட்டு, சட்டி பானையத் தூக்கிட்டு, "மழையில்லாத ஊரு எங்களுக்கு வேண்டாம், பரதேசம் போறோம்"னு ஒப்பாரி வெச்சுட்டே ஊர் எல்லை வேப்பமரம் வரைக்கும் போவாங்க. ஆம்பளைங்க பின்னாலயே போயி, "போகாதீங்க கண்ணு, மழை வரும்"னு கெஞ்சிக் கூட்டியாரோணும். அதான் மொறை. நாங்களும் கெஞ்சிக் கூட்டியாந்தோம்.

அடுத்த லாரி வரல. அதுக்கடுத்ததும் வரல.

நானு, என்ற ஊட்டுக்காரி செவ்வந்தி, மழைச்சோத்துக்கு முன்ன நின்ன பாவாத்தாக்கா, மூணு பேரும் வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனோம். புதுசா வந்த ஆபீசரு ரவிக்குமாரு. சட்டத்துல பொறந்து சட்டத்துல வளந்த மனுசன்.

"ஏனுங்க சார், கருங்கல்மேட்டுக்குத் தண்ணி லாரி வரலீங்களே?"

"அங்க ஆளே இல்லீங்களே! 'மேற்படி கிராமப் பொதுமக்கள் வறட்சியின் காரணமாகக் கண்ணீருடன் குடிபெயர்ந்துவிட்டனர்'னு நானே கண்ணால பாத்து ரிப்போர்ட் அனுப்பியிருக்கறேன்."

"திரும்பி வந்துட்டமுங்களே!"

"எத்தன மணிக்கு?"

"பொழுதோட ஆறு மணிக்குங்க."

"ஆபீசு அஞ்சே முக்காலுக்கு முடிஞ்சுருதுங்க. அதுக்கப்பறம் நடந்தது எதுவும் நடக்கலீங்க."

மக்காநாளு பதினொரு மணிக்கு அவர எல்லையில நிக்க வெச்சு, ஊரே சட்டி பானையோட அவரு கண்ணு முன்னால உள்ள நடந்து வந்தோம்.

"நல்லதுங்க. எந்த ஊர்ல இருந்து வர்றீங்க?"

"இந்தா, இந்த வேப்பமரத்துல இருந்துங்க."

"மரத்துக்கெல்லாம் அப்ளிகேசன் பாரம் இல்லீங்க. போன ஊரு எதுவோ, அந்த ஆபீசர்கிட்ட சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாங்க."

பக்கத்தூருக்கு ஓடுனோம். அந்த ஆபீசரு தங்கமானவரு. 'இவர்கள் இங்கு குடிவரவே இல்லை'ன்னு சீல் குத்திக் குடுத்துப்போட்டாரு.

அத ரவிக்குமாரு ரெண்டு தடவ படிச்சாரு. "இருந்த ஊர்லயும் இல்ல, போன ஊர்லயும் இல்ல. இல்லாத ஆளு தண்ணி குடிக்கறதுக்குச் சட்டத்துல எடமில்லீங்க."

செவ்வந்திக்குத் தொண்டை வறண்டிருந்துச்சு. வாய் வறளல. "சரிங்க சார். ஆளே இல்லாத ஊருக்கு ஆபீசரு எதுக்குங்க? அதையுந்தான் கலெக்டருக்கு ஒரு மனுவா எழுதிப்போடட்டுங்களா?"

பேனுக்குக் கீழயே மனுசனுக்கு வேர்த்து ஊத்திருச்சு. மூணு வருசத்துல எங்க பக்கத்துல அம்புட்டுத் தண்ணி நான் பாத்ததில்லீங்க. அரை மணி நேரத்துல, 'பொதுமக்கள் பெருமகிழ்ச்சியுடன் திரும்பிவிட்டனர்'னு ரிப்போர்ட் போச்சு. தெனமும் ஒரு லாரின்னு அவராவே சேத்தும் எழுதுனாரு.

லாரி வந்த அன்னைக்கே மழையும் வந்துச்சுங்க. பேஞ்சுது, பேஞ்சுது, கெணறு தளும்பற வரைக்கும் பேஞ்சுது. தண்ணி லாரியே சேத்துல மாட்டி, நாங்க நனைஞ்சுட்டே தள்ளிவுட்டோம்.

ரவிக்குமாரு கொடையப் புடிச்சுட்டு வந்தாரு. "தெனமும் லாரின்னு ரிப்போர்ட் போயிருச்சுங்க, இனி அத மாத்த முடியாது. மழை பெய்யலைன்னு நூறு கையெழுத்து வந்தாத்தான் லாரி தொடர்ந்து வருமுங்க."

மொதக் கையெழுத்து பாவாத்தாக்கா போட்டதுங்க. "வர்ற தண்ணிய வேண்டாம்னா சாமி குத்தம், கண்ணு"ன்னு சொல்லிப்போட்டுப் போயிருச்சு. ரெண்டாவது நானு. லாரித் தண்ணியிலதான் இப்ப எல்லாரும் பைக்கு கழுவறோம்.

ஏனுங்க, எங்க எந்திரிக்கறீங்க? ஓசியிலயா கதை? காசெல்லாம் வேண்டாமுங்க. நூத்துக்கு இன்னும் நாப்பது கொறையுது. இந்தாங்க தாளு, ஆளுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. மொதல்ல கையில இருக்கற மழைத் தண்ணியத் தொடச்சுக்குங்க.